காணும் பொங்கல் இரவில் இருபது பேருக்குச் சந்தகை விருந்து: சமைத்தவர்களும் பந்தியில் உட்கார ஒரு முழுமையான வழிகாட்டி

தைப்பொங்கலன்று காலைப் பொழுது வாசலிலேயே கழிந்துவிடும். மாட்டுப் பொங்கலன்று பட்டியில் பொங்கல் வைத்து முடிப்பதற்குள் தோட்டத்தில் இருட்டிவிடும். வெளியூரில் இருப்பவர்கள் உட்பட மொத்தக் குடும்பமும் ஓரிடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடக் கிடைப்பது காணும் பொங்கல் இரவு ஒன்றுதான். மறுநாள் பாதிப் பேர் பஸ் ஏறிவிடுவார்கள். அன்றைக்கு எங்கள் விருந்து சந்தகை: உளுந்தில்லாத அரிசி மாவை இட்லியாக வேகவைத்து, சூட்டோடு நாழி என்னும் பிழியும் கருவியில் போட்டு இழை இழையாகப் பிழிந்தெடுப்பது.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் இந்த விருந்தைப் பதினான்கு ஆண்டுகளாக நான் நடத்துகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் நான் பந்தியில் உட்காரவே இல்லை. என் நாத்தனாரும் நானும் இரவு பத்தரை மணிக்கு, கழுவாத பாத்திரங்களுக்கு நடுவே, ஆறிப்போன குழம்பை ஊற்றிச் சாப்பிட்டோம். நான்காம் ஆண்டுதான் வேலைகளின் வரிசையை மாற்றினேன். அதன் பிறகு சமைத்த ஐந்து பேரும் மற்றவர்களோடு ஒரே பந்தியில் உட்காருகிறோம். குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள்கள் இந்த வேலையில் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அளவுகள் எல்லாம் இருபது பேருக்கு. பெரியவர்கள் 16, குழந்தைகள் 4. இரவு 7 மணிக்குப் பந்தி என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் தலைகளை எண்ணுங்கள், பிறகு நேரத்தைச் சொல்லுங்கள்

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள்? கறி சாப்பிடாதவர்கள் எத்தனை பேர்? கீழே சம்மணமிட்டு உட்கார முடியாதவர்கள் யார்? சர்க்கரை நோய் யாருக்கு?

"எல்லோரும் வருவார்கள்" என்ற பதிலை வைத்துக்கொண்டு அரிசி ஊறவைக்க முடியாது. சந்தகைக்கு அளவு தப்பினால் நடுவில் கூட்டவும் வழியில்லை, ஏனென்றால் அரிசி ஊறவே நான்கு மணி நேரம் ஆகும்.

நேரத்தையும் எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லிவிடுங்கள். "சாயந்திரம் வந்துவிடுங்கள்" என்றால் ஐந்து மணிக்கு ஒரு குடும்பமும் எட்டரைக்கு ஒரு குடும்பமும் வந்து நிற்கும். பந்தி இரண்டாகும். சமைத்தவர்கள் இரண்டுக்கும் நின்றே பரிமாற வேண்டியிருக்கும்.

2. அடுப்படியில் ஆளை நிறுத்தி வைக்கும் பண்டம் எதுவும் வேண்டாம்

பட்டியல் போடும்போது ஒவ்வொரு பண்டத்தையும் ஒரே கேள்வியால் வடிகட்டுங்கள்: பந்தி உட்காருவதற்கு அரை மணி நேரம் முன்பே இதை முடித்து மூடி வைக்க முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு ருசியானதாக இருந்தாலும் அன்றைக்கு அது வேண்டாம்.

தோசை, பணியாரம், கோழி வறுவல், பூரி எல்லாம் இதனால்தான் அடிபட்டுப் போகின்றன. சூடாகக் கேட்பார்கள். கேட்டால் ஒருவர் எழுந்து போக வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் வீட்டுப் பெண்ணாகத்தான் இருப்பார்.

சந்தகை இந்தக் கேள்வியில் தேறிவிடும். பிழியும்போது சூடு கட்டாயம். பிழிந்த பிறகு மூன்று மணி நேரம் வரை அப்படியே மெத்தென்று இருக்கும், ஆறினாலும் ருசி குறையாது. எங்கள் பட்டியல் இது:

சந்தகை, அதற்குத் தேங்காய்ப்பால், எள்ளுப்பொடி. நாட்டுக்கோழிக் குழம்பு. கறி சாப்பிடாதவர்களுக்குத் தட்டைப்பயறு (காராமணி) கத்தரிக்காய்க் குழம்பு. அரசாணிக்காய் (பரங்கிக்காய்) பொரியல். முடிவில் கொஞ்சம் சோறு, பச்சைப்புளி ரசம், தயிர்.

ஒப்பட்டும் (போளி) வேண்டும் என்று வீட்டில் நிச்சயம் யாராவது கேட்பார்கள். தேங்காய்ப்பால் இருக்கும்போது இன்னொரு இனிப்பு இலையில் பாதியோடு கிடக்கும். ஒப்பட்டை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. கோழிக்கு முன்பதிவு, நாழிக்கு ஒத்திகை

மாட்டுப் பொங்கல் நாள்தான் திருவள்ளுவர் தினம். அன்று தமிழகத்தில் இறைச்சிக் கடைகள் திறக்கக் கூடாது. புதிதாக விருந்து வைப்பவர்கள் முந்தைய நாள் மாலை கோழி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்து கடை வாசலில் போய் நிற்கிறார்கள். பொங்கலுக்கு முன்பே சொல்லிவைத்து, காணும் பொங்கல் காலையில் கைக்கு வரும்படி செய்யுங்கள். உயிர் எடையில் 6 கிலோ வாங்கினால் சுத்தம் செய்தபின் ஏறத்தாழ 4 கிலோ நிற்கும்.

சந்தகைக்கு அரிசி 2½ கிலோ. இட்லிப் புழுங்கலரிசி, அதுவும் பழையதாக இருக்க வேண்டும். பொங்கல் சமயத்தில் வீடு முழுக்கப் புத்தரிசி இருக்கும். அதை எடுத்து ஊறப்போடுவது எல்லோரும் செய்யும் தவறு. பானையில் பொங்குவதற்குப் புத்தரிசிதான் அழகு. சந்தகைக்குப் போட்டால் பசைபோல ஒட்டிக்கொண்டு, இழை இழையாகப் பிரியாமல் கட்டியாக விழும்.

வெல்லம் முக்கால் கிலோ. எங்கள் பக்கத்து வெல்லச் சந்தைகளான சித்தோட்டுக்கோ கவுந்தப்பாடிக்கோ ஆள் போக வாய்ப்பிருந்தால் அங்கேயே வாங்கிவரச் சொல்லுங்கள். பளீரென்று மஞ்சளாக இருப்பதை ஒதுக்கிவிட்டு, மண்ணிறத்தில் கறுத்திருப்பதை எடுங்கள். நிறம் வெளுக்க ரசாயனம் போட்ட வெல்லத்தில் உப்புக் கரிக்கும். தேங்காய்ப்பாலில் அது தனியாகத் தெரியும்.

தேங்காய் 8. ஆறு பாலுக்கு, இரண்டு குழம்புக்கு. முற்றிய காயாகப் பாருங்கள், இளசில் பால் தண்ணீராக இருக்கும்.

வாழை இலை 25 நுனி. தை மாதக் காற்றில் தோப்பில் பாதி இலை கிழிந்திருக்கும், சந்தையிலும் விலை ஏறியிருக்கும். நான்கைந்து இலை கூடுதலாக இருப்பது நல்லது.

சந்தகை பிழியும் நாழி இன்று எல்லா வீட்டிலும் இல்லை. மூன்று கால் வைத்து மேலே திருகும் நாழிதான் இருபது பேருக்கு ஏற்றது. கையில் பிடித்து அழுத்தும் சின்ன நாழியால் நான்கு பேருக்கு மேல் பிழிந்தால் தோள்பட்டை விட்டுப்போகும். இரவல் வாங்குவதாக இருந்தால் மூன்று நாள் முன்பே வாங்கி, இரண்டு இட்லி வைத்து ஒருமுறை பிழிந்து பாருங்கள். திருகின் மரை தேய்ந்திருக்கிறதா, அடித்தட்டின் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். ஒரு வருடம் நான் இதைச் செய்யவில்லை. மாலை ஐந்து மணிக்கு, முதல் ஈடு வெந்த பிறகு, மரை வழுக்கியது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேறு நாழி வருவதற்குள் இருபது இட்லியும் ஆறிக் கல்லாகிவிட்டன.

கேஸ் சிலிண்டர் பாதிக்குக் கீழே இருந்தால் மாற்று சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும். வாசலில் விறகடுப்பு போட இடமிருந்தால் கோழிக் குழம்பை அங்கே வைத்துவிடுங்கள். உள்ளே இரண்டு அடுப்பும் சந்தகைக்கு வேண்டும்.

4. முந்தைய நாள்: வறுப்பதை முடித்துவிடுங்கள்

மாட்டுப் பொங்கலன்று மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

எள் கால் கிலோ. கழுவி, நிழலில் உலர்த்தி, வெறும் சட்டியில் மிதமான தீயில் வறுங்கள். படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அடிச்சூட்டில் கருகிக் கசக்கும். நன்றாக ஆறிய பிறகு கால் கிலோ நாட்டுச்சர்க்கரையும் இரண்டு ஏலக்காயும் சேர்த்து விட்டுவிட்டு அரைக்கவும். ஒரே மூச்சில் அரைத்தால் எண்ணெய் பிரிந்து உருண்டையாகிவிடும்.

குழம்புக்கு மல்லி 200 கிராம், வரமிளகாய் 60 கிராம், மிளகு 40 கிராம், சீரகம் 30 கிராம். இவற்றைத் தனித்தனியாக வறுங்கள். மிளகாய் கருகும் நேரத்தில் மல்லிக்குச் சூடுகூட ஏறியிருக்காது, அதனால்தான் தனித்தனி. ஆறவைத்து டப்பாவில் போடுங்கள். அரைப்பதை மறுநாளுக்கு விடுங்கள், அரைத்த அன்று இருக்கிற வாசம் அடுத்த நாள் இருக்காது.

சின்ன வெங்காயம் ஒன்றரை கிலோ உரிக்க வேண்டும். இதை இரவு எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது நடுவில் கொட்டிவிடுங்கள். பேச்சு முடிவதற்குள் வெங்காயமும் முடிந்துவிடும்.

5. காலை 10 மணி: அரிசி ஊறட்டும்

அரிசியை மூன்று தண்ணீரில் களைந்து ஊறவையுங்கள். நான்கு முதல் ஐந்து மணி நேரம் போதும். முந்தைய இரவே ஊறப்போட வேண்டாம். அரிசி புளிப்பேறி, மாவும் சீக்கிரம் புளித்துவிடும். சந்தகை மாவு புளிக்கவே கூடாது. புளித்தால் இட்லியில் கண் விழும், கண் விழுந்த இட்லியைப் பிழிந்தால் இழை துண்டு துண்டாக உடையும்.

இதே காரணத்தால் உளுந்தும் சேர்ப்பதில்லை. அரிசியும் உப்பும் மட்டும்தான். வெளியூரிலிருந்து வந்த எங்கள் வீட்டு மருமகள் ஒருத்தி, ஆட்டி வைத்திருந்த இட்லி மாவிலேயே பிழிந்துவிடலாம் என்று எண்ணி ஒருமுறை செய்து பார்த்தாள். நாழியிலிருந்து களிதான் வந்தது.

தட்டைப்பயறும் இப்போதே ஊறட்டும்.

6. பகல் 1 மணி: கோழிக் குழம்பு முதலில் முடிய வேண்டும்

வேகும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரே பண்டம் நாட்டுக்கோழி. இளங்கோழி நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும். முட்டையிட்டு ஓய்ந்த பெட்டைக்கு ஒன்றரை மணி நேரம்கூடப் போதாது. ஆகவே இதை முதலில் அடுப்பில் ஏற்றுங்கள். சீக்கிரம் முடிந்தால் நஷ்டமில்லை. ஆறி, திரும்பச் சூடேறும்போது காரம் கறிக்குள் இறங்கி ருசி கூடவே செய்யும்.

கோழிகள் வெவ்வேறு வயதாக இருந்தால் ஒன்றாகப் போட வேண்டாம். முற்றிய கோழித் துண்டுகளை முதலில் போட்டு, அரைப் பதம் வெந்த பிறகு இளசைச் சேருங்கள்.

தோலோடு தீயில் வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவி வெட்டச் சொல்லுங்கள். தோலை உரித்துவிட்டால் குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயும் வாசமும் பாதியாகிவிடும்.

அகலமான பாத்திரத்தில் 300 மில்லி கடலெண்ணெய் ஊற்றி, ஒரு கிலோ சின்ன வெங்காயத்தைக் கறிவேப்பிலையோடு பொன்னிறமாக வதக்குங்கள். 150 கிராம் இஞ்சியும் 200 கிராம் பூண்டும் அரைத்த விழுதைப் போட்டுப் பச்சை வாசம் போகட்டும். பிறகு கறி, மஞ்சள்தூள், உப்பு. இங்கே அவசரப்படாதீர்கள். கறி முதலில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் முழுவதும் சுண்டி, எண்ணெய் பிரிந்து சலசலவென்று சத்தம் வரும் வரை கிளற வேண்டும். அதற்கு முன்பே தண்ணீர் ஊற்றினால் கவிச்சி போகாது. புதியவர்கள் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பிறகு கறிக்கு மேலே நான்கு விரற்கடை நிற்கும்படி கொதிநீர் ஊற்றி வேகவிடுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, கறி விறைத்துப்போய் மறுபடி மெதுவாகவே வேகும். முக்கால் பதத்தில் வறுத்து அரைத்த மசாலா. முழுதும் வெந்த பிறகுதான் இரண்டு தேங்காய் அரைத்த விழுது. தேங்காய் சேர்த்தபின் பத்து நிமிடம் போதும்.

சந்தகைக்கு ஊற்றும் குழம்பு சோற்றுக்கு ஊற்றுவதைவிடக் கொஞ்சம் தண்ணீராகவே இருக்கட்டும். சந்தகை குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். கெட்டியாக வைத்தால் இரண்டாம் கைக்கு, அதாவது இரண்டாம் முறை பரிமாற, எட்டாது.

பக்கத்தில் தட்டைப்பயறு குழம்பையும் தொடங்கிவிடுங்கள். அதற்கு வேறு கரண்டி, வேறு மூடி. ஒரு கரண்டி மாறினாலும் கறி சாப்பிடாத அத்தை அந்தக் குழம்பைத் தொட மாட்டார். தொடவில்லை என்று சொல்லவும் மாட்டார், தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அவர் கண் முன்னாலேயே கரண்டியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

7. மதியம் 3 மணி: மாவு அரைத்தல்

கிரைண்டரில் வெண்ணெய் போல அரையுங்கள். இரு விரலுக்கிடையே தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. குருணை இருந்தால் நாழியின் ஓட்டையில் அடைக்கும். பதம் இட்லி மாவை விடச் சற்றுத் தளர்வு. கரண்டியிலிருந்து கனமாக, அறுபடாமல் ஒழுக வேண்டும். கெட்டியான மாவில் பிழிந்த சந்தகை ஆறியதும் விறைக்கும். தண்ணீரான மாவு இட்லித் தட்டில் நிற்காது.

அரைத்ததும் உப்புப் போட்டுக் கலக்கி, ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.

8. மாலை 4 மணி: சந்தகை பிழிதல்

விருந்தின் உயிர் இந்த ஒன்றரை மணி நேரம். இதைப் பெண்கள் மட்டும் செய்வதை நான் நிறுத்திவிட்டேன். திருகுவதற்குத் தோள்வலு வேண்டும், அந்த நேரத்தில் வீட்டு ஆண்கள் திண்ணையில் சும்மாதான் இருப்பார்கள். எங்கள் வீட்டில் என் கொழுந்தனாரும் அக்கா மகன்கள் இருவரும் மாறி மாறித் திருகுகிறார்கள்.

நான்கு ஆள் தேவை. ஒருவர் அடுப்பில் இட்லி வேகவைப்பார். ஒருவர் சூடாக எடுத்து நாழியில் போடுவார். ஒருவர் திருகுவார். ஒருவர் கீழே தட்டைச் சுழற்றி இழையைப் பிடிப்பார். கடைசி வேலைக்குப் பத்து வயதுக் குழந்தை போதும்.

2½ கிலோ அரிசிக்கு ஏறத்தாழ 100 இட்லி வரும். இருபது இட்லிப் பாத்திரத்தில் ஐந்து ஈடு. துணி விரித்துத்தான் ஊற்ற வேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் இந்த மாவு ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். ஈரவிரலால் நடுவில் குத்திப் பார்த்தால் ஒட்டக் கூடாது, மேல்தோல் பளபளவென்று கண்ணாடிபோல இருக்க வேண்டும். வேகாத நடுப்பகுதி நாழியில் பசையாகி எல்லாவற்றையும் கெடுக்கும்.

இனி முக்கியமான விதி. வெந்த ஈட்டை மொத்தமாக வெளியே எடுக்காதீர்கள். மூன்று இட்லியை மட்டும் எடுத்து, மூடியை உடனே போட்டு, தீயைக் குறைத்து வையுங்கள். அந்த மூன்றையும் பிழிந்து முடித்தபின் அடுத்த மூன்று. உளுந்தில்லாத அரிசி இட்லி ஐந்து நிமிடம் காற்றில் இருந்தாலே இறுகத் தொடங்கும். இறுகியதைத் திருகினால் நாழியின் கால்தான் வளையும். ஆறிவிட்ட இட்லி இருந்தால் மறுபடி ஆவியில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள், வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள்.

இரண்டாவது ஈட்டை இரண்டாவது அடுப்பில் பத்து நிமிடம் பின்தங்க ஏற்றுங்கள். முதல் ஈடு தீரும்போது அடுத்தது தயாராக இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் ஒன்று காத்துக் கிடக்கும்.

நாழியின் உட்புறம் எண்ணெய் தடவுவது ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒருமுறை போதும். இட்லியைப் போடுகிறவர் கையை வெந்நீரில் அல்ல, குளிர்ந்த நீரில் நனைத்துக்கொள்ளட்டும். சூடும் தாங்கும், மாவும் ஒட்டாது.

திருகு இறங்கும்போது முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு அடித்தட்டில் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்க்கும். அடுத்த திருப்பில் அத்தனை புள்ளியும் ஒன்றாக நீண்டு, ஆவி பறக்க, மழைக்கால்போல இறங்கும். கீழே இருக்கும் குழந்தை இலையை மெதுவாகச் சுழற்ற வேண்டும். வேகமாகச் சுழற்றினால் இழை அறும், சுழற்றாமல் விட்டால் ஒரே இடத்தில் குவிந்து ஒட்டும். என் அக்கா பேத்தி முதல் வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழற்றினாள். இப்போது மாமனையே அதட்டுகிறாள்: "மெதுவாகத் திருகுங்கள் மாமா, இலை சுற்றுவதற்குள் வந்துவிடுகிறது."

ஒரு நாழி தீர்ந்ததும் அகலமான மூங்கில் தட்டில் வாழை இலை விரித்து, அதன் மேல் தளர்வாகப் பரப்புங்கள். ஐந்து நிமிடம் ஆவி அடங்கிய பிறகு ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் மூடுங்கள். சூட்டோடு தூக்குவாளியில் போட்டு மூடுவது பெரிய தவறு. மூடியில் கோத்த நீர் சொட்டி, கீழே இருப்பது கூழாகும்.

9. மாலை 5:30: தேங்காய்ப்பால்

தேங்காய்ப்பாலைக் காலையிலேயே எடுத்து வைத்துவிட்டால் மாலைக்குள் புளிப்பு வாடை வரும். சந்தகை கடைசி ஈட்டில் இருக்கும்போது தொடங்குங்கள்.

வெல்லத்தை முன்னதாகவே இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி ஆறவைத்திருக்க வேண்டும். எவ்வளவு நல்ல வெல்லத்திலும் அடியில் மண் இருக்கும்.

ஆறு தேங்காயைத் துருவி, ஊறவைத்த இரண்டு மேசைக்கரண்டி கசகசாவோடு வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். முதல் பால் தனியாக இருக்கட்டும். சக்கையை மறுபடி இருமுறை அரைத்து எடுக்கும் பாலில் வெல்லப்பாகைக் கலந்து, ஓரத்தில் நுரை கட்டும் வரை மட்டும் சூடாக்கி இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் முதல் பாலை ஊற்றி, ஏலக்காய்ப் பொடியும் ஒரு சிட்டிகை உப்பும் போடுங்கள்.

முதல் பால் சேர்த்தபின் அடுப்பு பக்கமே போகக் கூடாது. இரண்டாம் ஆண்டு, பரிமாறும்போது சூடாக இருக்கட்டுமே என்று நான் மறுபடி அடுப்பில் வைத்தேன். ஒரு கொதி வந்தது. பால் திரிந்து, கீழே தண்ணீரும் மேலே வெண்துகளுமாக நின்றது. ஆறு தேங்காயின் பால். அதற்கு மாற்று வழி எதுவும் இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெல்லம் கலப்பதற்கு முன்பே ஒரு சொம்பு பால் தனியாக எடுத்து வையுங்கள்.

10. மாலை 6 மணி: மிச்ச வேலைகள்

ஒரு கிலோ அரிசிச் சோறு வைத்தால் போதும். சந்தகைக்குப் பிறகு யாரும் ஒரு கரண்டிக்கு மேல் சாப்பிடுவதில்லை. அரசாணிக்காயைப் பெரிய துண்டுகளாக வெட்டுங்கள், சிறிதாக வெட்டினால் ஆறுவதற்குள் குழைந்துவிடும்.

பச்சைப்புளி ரசத்துக்கு அடுப்பே தேவையில்லை. 100 கிராம் புளியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், மல்லித்தழை ஆகியவற்றைக் கையால் நசுக்கிப் போட்டு, சிறு துண்டு வெல்லமும் உப்பும் சேர்த்துத் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. கொதிக்கவிட்டால் அது வேறு ரசமாகிவிடும்.

கோழிக் குழம்பைச் சிறு தீயில் வையுங்கள். 6:30 மணிக்குச் சமைத்தவர்கள் எல்லோரும் குளிக்கவோ முகம் கழுவவோ போக வேண்டும். இந்த அரை மணி நேரத்தை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. வியர்வையோடு வந்து உட்காருகிறவருக்குப் பசி எடுக்காது.

11. இரவு 7 மணி: ஒரே பந்தி

இலையின் நுனி உட்காருபவரின் இடக்கைப் பக்கம் இருக்கட்டும். கீழே உட்கார முடியாத அப்புச்சிக்கும் அம்மிச்சிக்கும் (அம்மாவழித் தாத்தா, பாட்டி) நாற்காலி, மேசை போடுங்கள். ஆனால் அதே கூடத்தில், அதே வரிசையின் தலைமாட்டில். உள்ளறையில் தனியாகப் போட்டால் அவர்களுக்கு அது பந்தியாகாது.

யாரும் உட்காருவதற்கு முன்பே இலைகளில் உப்பு, பொரியல், எள்ளுப்பொடி, சந்தகை ஆகியவற்றை வைத்துவிடுங்கள். ஆறினால் கெடாதவை இவை. சந்தகையை ஒரே குவியலாக வைக்காமல் இரண்டு சிறு குவியலாக வையுங்கள். ஒன்று பாலுக்கு, ஒன்று குழம்புக்கு. தேங்காய்ப்பாலை இலையில் ஊற்றினால் ஓடிப்போய்ப் பொரியலோடு கலக்கும். ஆளுக்கொரு கிண்ணத்தில் கொடுங்கள்.

எல்லோரும் உட்கார்ந்தபின் இளையவர்கள் இருவர் மட்டும் குழம்பு ஊற்றிக்கொண்டு ஒரு சுற்று வரட்டும். பிறகு அவர்களும் வரிசையின் கடைசியில் உட்காரட்டும். இரண்டாம் கைக்கு யாரும் எழ வேண்டியதில்லை. ஐந்து பேருக்கு ஒரு தூக்கில் குழம்பு, ஒரு தட்டில் சந்தகை, ஒரு சொம்புத் தண்ணீர் என்று நடுவில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் வைப்பார்.

இப்படி மாற்றிய முதல் வருடம் என் மாமியார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. விருந்தாளிகளைத் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வது மரியாதையில்லை என்றார். நானும் வாதாடவில்லை. மாமியாரின் அப்பாவான அப்புச்சி தன் தட்டிலிருந்து சந்தகையை எடுத்து மாமியார் இலையில் வைத்து, "நீயும் சாப்பிடு கண்ணு, ஆறிவிடும்" என்றார். நாற்பது வருடத்தில் தன் அப்பா தனக்குப் பரிமாறியது அதுதான் முதல் முறை என்று என் மாமியார் பிறகு என்னிடம் சொன்னார்.

இனிப்பிலிருந்து காரத்துக்குப் போவதா, காரத்திலிருந்து இனிப்புக்கா என்று குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். குழந்தைகளுக்கு மட்டும் குழம்பை முதலில் கொடுங்கள். பால் சந்தகையைத் தொட்டுவிட்டால் வேறெதையும் தொட மாட்டார்கள்.

12. அன்றிரவும் மறுநாள் காலையும்

கைகழுவியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: நாழியைப் பிரித்து வாளித் தண்ணீரில் போடுங்கள். மாவு காய்ந்து ஓட்டையில் இறுகிவிட்டால் ஒவ்வொன்றையும் ஈர்க்குச்சியால் குத்த வேண்டியிருக்கும். மற்றப் பாத்திரங்கள் காலை வரை காத்திருக்கலாம்.

மீந்த கோழிக் குழம்பை நன்றாக ஒரு கொதி விட்டு, ஆறியதும் பிரிட்ஜில் வையுங்கள். மீந்த தேங்காய்ப்பாலை அன்றே குடித்துத் தீர்த்துவிடுவது நல்லது.

மீந்த சந்தகையை ஈரத்துணியோடு மூடிப் பிரிட்ஜில் வைத்து, காலையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டுங்கள். கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். பஸ்ஸில் பெங்களூரோ சென்னையோ போகிறவர்களுக்கு இலையில் மடித்துக் கொடுக்கலாம். தேங்காய் மட்டும் துருவிப் போடாதீர்கள், வழியிலேயே ஊசிப்போகும்.

இரவல் வாங்கிய நாழியைத் துடைத்து, வெயிலில் காயவைத்து அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். எங்கள் பக்கம் வெறும் பாத்திரமாகக் கொடுக்கும் வழக்கமில்லை. பொங்கலுக்குச் சுட்ட கச்சாயம் என்னும் வெல்லப் பலகாரத்தில் நான்கைந்தை இலையில் பொதிந்து நாழிக்குள் வைத்துக் கொடுத்தனுப்புவேன்.